இரும்புப் பாலத்தை மாற்றப் போகிறீர்களா? ஆற்றில் எந்த மாதம் இறங்குவீர்கள்?

பழைய இரும்புப் பாலத்தை எடுத்துவிட்டுப் புதுப் பாலம் வருகிறது என்று செய்தி வந்ததும் அடிக்கல் எப்போது, எத்தனை கோடி என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, ஆற்றுக்குள் எந்த மாதம் இறங்கப் போகிறார்கள் என்பது. நம்ம குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. பேச்சிப்பாறை அணையின் 48 அடியும் பெருஞ்சாணி அணையின் 77 அடியும் நிரம்பி உபரிநீரைத் திறந்தால் கோதையாறும் பரளியாறும் ஒரே ராத்திரியில் ஏறிவிடும். அடித்தளத்துக்குக் குழி தோண்ட ஜனவரி முதல் மே வரைதான் நேரம். பாசனச் சானல் மேல் உள்ள பாலம் என்றால் அதிலும் இரண்டு மாதம் போய்விடும். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகத்துக்குமாக வழக்கமாக ஜூனில் திறக்கும் தண்ணீர் பிப்ரவரி கடைசி வரை ஓடும். மிச்சம் மூன்று மாதம். மே கடைசியில் வேலை உத்தரவு கொடுத்து ஜூனில் குழி தோண்டினால் கான்கிரீட் ஊற்ற அடித்த ஷட்டரிங் பலகையும் கட்டிய கம்பியும் வெள்ளத்தோடு போகும். அடுத்த ஜனவரி வரை ஊர் சுற்றிப்போக வேண்டும்.

மாற்றத்தான் வேண்டுமா, பெயின்ட் அடித்தால் போதாதா என்று கேட்பவர்கள் பாலத்துக்குக் கீழே இறங்கிப் பார்க்க வேண்டும். இரும்புச் சட்டங்களை முக்கோணம் முக்கோணமாக இணைத்துக் கட்டியது டிரஸ் பாலம். அதன் உயிர் மூட்டில் இருக்கிறது. கீழ்ச் சட்டமும் சாய்வுச் சட்டமும் சேருமிடத்தில் குசெட் பிளேட் என்ற தகடு இருக்கும். ரோட்டு மண்ணும் சருகும் அங்கேதான் அடையும், ஈரம் காயாது, உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். துரு, தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். இரண்டு தகடுக்கு நடுவில் ஏறினால் தகட்டையே வளைத்து, தகடுகளைப் பிடித்திருக்கும் ரிவெட் ஆணியின் தலையைத் தெறிக்க வைக்கும். 10 மி.மீ. தகட்டில் பக்கத்துக்கு 2 மி.மீ. போனால் மிச்சம் 6 மி.மீ. அதன்மேல் அலுமினியப் பெயின்ட் அடித்தால் தூரத்திலிருந்து புதிது மாதிரித் தெரியும். துருவைச் சுரண்டிவிட்டு அல்ட்ராசோனிக் மீட்டரில் தகட்டின் கனத்தை அளக்க வேண்டும். ரிவெட்டைச் சுத்தியலால் தட்டும்போது கணீரென்று கேட்காமல் மந்தமாகக் கேட்டால் அது இளகிவிட்டது என்று அர்த்தம்.

இன்னொரு தவறு தார். ரோடு போடும்போதெல்லாம் பழைய தாரைச் சுரண்டாமல் பாலத்தின் மேலும் ஒரு அடுக்கு போட்டுக்கொண்டே போகிறார்கள். 30 மீட்டர் நீளம், 4.25 மீட்டர் அகலம் உள்ள ஒற்றை வழிப் பாலத்தில் 50 மி.மீ. தார் போட்டால் எடை ஏறக்குறைய 14.5 டன். இரண்டு அடுக்கு சேர்ந்தால் 29 டன். 2018இல் உயர்த்திய வரம்புப்படி பத்துச் சக்கர டாரஸ் லாரி ஒன்றின் மொத்த எடையே 28.5 டன்தான். ஆக, முழு லோடு ஏற்றிய ஒரு டாரஸ் ராத்திரி பகலாகப் பாலத்தின் மேலேயே நிற்கிறது. அதற்குமேல்தான் பாறைப்பொடி லாரி வருகிறது. அமெரிக்காவில் மினியாபொலிஸ் டிரஸ் பாலம் 2007 ஆகஸ்ட் 1 அன்று விழுந்து 13 பேர் இறந்தார்கள். குசெட் பிளேட் தேவையான கனத்தில் பாதிதான் இருந்தது. பின்னால் சேர்த்த தள எடையும், அன்றைக்கு ரோடு வேலைக்காகப் பாலத்தின் மேல் குவித்து வைத்திருந்த ஜல்லி, மணலும் சேர்ந்து அதை முறித்தன. புனே பக்கம் இந்திராயணி ஆற்றில் 2025 ஜூன் 15 அன்று ஒரு பழைய இரும்புப் பாலம் மக்கள் கூட்டம் நின்றபோது விழுந்தது. எச்சரிக்கைப் பலகை மட்டும் வைத்தால் யாரும் மதிப்பதில்லை. கனரக வண்டியை நிறுத்த, இரு பக்கமும் வண்டி திரும்ப இடமுள்ள முக்கில் உயரத்தடுப்பு வைக்க வேண்டும். பஸ்ஸும் நின்றுபோகும், மாற்றுத்தடத்தை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மாற்றுப்பாதைக்கு ஹியூம் பைப் என்ற பெரிய கான்கிரீட் குழாய்களைப் போட்டு ஆற்றில் சப்பாத்து, அதாவது தற்காலிகத் தரைப்பாலம், அமைப்பார்கள். பைப் குறைவாகப் போட்டால் முதல் மழையிலேயே கரையோடு போய்விடும். பாலத்தில் தொங்கும் குடிநீர்க் குழாயையும் கேபிளையும் முதலில் மாற்றிவிட வேண்டும். இதில்தான் பல மாதம் வீணாகிறது.

பிரிக்கும்போது, தாரையும் தளத்தையும் இரு பக்கமும் சமமாக எடுத்து எடையைக் குறைத்த பிறகுதான் இரும்பில் கை வைக்கலாம். கீழே முட்டு கொடுக்காமல், மேலே கிரேனும் பிடிக்காமல், கீழ்ச் சட்டத்தில் கேஸ் கட்டிங் வைத்தால் பாலம் முழுதாகச் சரியும். அது இழுவிசையில் இருக்கும் உறுப்பு. பழைய பாலங்களில் அடிப்பூச்சு பெரும்பாலும் ஈயம் கலந்த சிவப்புப் பெயின்ட். சுடர் பட்டால் ஈயப்புகை. வெட்டும் இடத்தில் பெயின்ட்டை முன்கூட்டியே அகற்ற வேண்டும், தொழிலாளிக்கு முறையான சுவாசக் கவசம் வேண்டும், சுரண்டிய பெயின்ட் தூள் ஆற்றில் விழாமல் கீழே தார்ப்பாய் கட்ட வேண்டும். அதே தண்ணீரைத்தான் கீழே ஊர்கள் குடிக்கின்றன.

அஸ்திவாரத்துக்கு ஒவ்வொரு தூணுக்கும் தனித்தனியாக, கீழே மண்ணா பாறையா என்று பார்க்கும் போர் துளை போட வேண்டும். ஒரு கரையில் சில மீட்டரிலேயே பாறை கிடைக்கும், எதிர்க்கரையில் செம்மண்ணும் களியுமாக இறங்கிக்கொண்டே போகும். ஒரே போரை வைத்து வரைபடம் போட்டால் பாதி வேலையில் டிசைன் மாறும். மணல் அள்ளிப் பள்ளமான ஆற்றில் பழைய படுகை மட்டத்தை வைத்து அரிப்பாழத்தை, அதாவது வெள்ளம் தூணடியில் எவ்வளவு ஆழம் அரிக்கும் என்பதை, கணக்கிடவே கூடாது.

பாலத்தில் ஏறி இறங்கும் அப்ரோச் ரோடு இதைவிடப் பெரிய தலைவலி. வினாடிக்கு 300 கன மீட்டருக்கு மேல் வெள்ளம் வரும் ஆற்றில் வெள்ள மட்டத்துக்கும் பாலத்தின் அடிப்பாகத்துக்கும் 1.2 மீட்டர் இடைவெளி வேண்டும். அதனால் தளம் உயரும். 1.5 மீட்டர் உயர்ந்தால் 30க்கு 1 சரிவில் ஒவ்வொரு பக்கமும் 45 மீட்டருக்கு ரோட்டை உயர்த்த வேண்டும். ஓரத்து வீட்டு வாசல் ரோட்டுக்குக் கீழே போகும், மழைத்தண்ணீர் உள்ளே வரும். தடுப்புச்சுவர், ஓடை, நில எடுப்பு எல்லாம் முதல் மதிப்பீட்டிலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் பாலம் முடிந்தும் ஏற வழியில்லாமல் நிற்கும்.

கடற்கரைப் பக்கம் கான்கிரீட் எம்40 என்ற வலிமைத் தரத்துக்குக் குறையக்கூடாது, கம்பிக்கு வெளியே 50 மி.மீ. கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். அந்த இடைவெளியைக் காக்கும் கவர் பிளாக் கட்டைக்குப் பதில் ஜல்லியை வைத்துக் கட்டினால் உப்பு சீக்கிரமே கம்பியைத் தொட்டுவிடும்.

இதில் மண் பரிசோதனை, நில எடுப்பு, நீர்வளத் துறை அனுமதி, குழாய் மாற்றம், டெண்டர் எதற்கும் ஆற்றில் இறங்க வேண்டியதில்லை. போர் போடுவதை மட்டும் கோடையில் முடித்துவிட்டால் மற்றதெல்லாம் மழைக்காலத்திலேயே நடக்கும். ஆகஸ்ட் 15 கிராம சபையில் எழுதிக் கேளுங்கள்: ஒவ்வொரு தூணுக்கும் போர் அறிக்கை எங்கே, வெள்ள மட்டம் எந்த ஆண்டு வெள்ளத்தை வைத்து எடுத்தது, அப்ரோச் நிலம் யார் பெயரில் இருக்கிறது? அக்டோபர் 2 கூட்டத்திலும் பதில் இல்லையென்றால் ஜனவரியில் வேலை தொடங்காது. திங்கள்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம் மனு கொடுப்பதற்கு அதுவே சரியான நேரம்.