கயிறும் சேர்ந்ததுதான் பட்டம்

பட்டம் இழுக்கப் பலகையில் அலைமேல் போகும் கைட்சர்ஃபர்கள் வந்த பிறகுதான் கடலில் சண்டை என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. 15 வருடமாக விண்ட்சர்ஃபிங் (பலகையில் பாய் கட்டிக் காற்றில் ஓட்டுவது) செய்கிறேன், எனக்கு அது நியாயமாகப் படவில்லை. நம் பாய் கையிலேயே இருக்கிறது. அவர்கள் பட்டமோ 20, 25 மீட்டர் கயிற்றின் நுனியில். காற்று போகும் பக்கமாக அவர்களை ஒட்டிக் கடந்தால் கயிறு நம் பாய்மரத்தில் சிக்கிவிடும். எனக்குச் சிக்கியிருக்கிறது. இழுபட்ட கயிறு கத்தி மாதிரி, முன்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. தப்பு என்னுடையதுதான்.

வலதுகை முன்னால் வைத்து வருபவருக்கே வழி என்பது இருவருக்கும் பொது. கடக்கும்போது காற்று வரும் பக்கம் இருக்கும் கைட்காரர் பட்டத்தை உயர்த்தணும், மறுபக்கம் இருந்தால் தாழ்த்தணும். பெரும்பாலோர் செய்கிறார்கள். பக்கத்தில் ஆள் இருக்கும்போது எகிறிக் குதிப்பதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. கரையில் விரித்த கயிற்றை மிதித்து நடக்கும் நம்மவர்களையும்தான்.