தோட்டத்தைக் கூட்டிப் பெருக்கினால் போதுமாம்

காபி விவசாயிகளான எங்களைக் குறை சொல்லி ஒருவர் மேடையில் பேசிய கூட்டத்து வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "தோட்டம் சுத்தமாக இருந்தால் காபியில் பூச்சி ஏன் வருகிறது? எதற்கெடுத்தாலும் பருவநிலை மாற்றமா?" என்று அவர் கேட்கிறார். முன்வரிசையில் கைதட்டல் வேறு. எங்கள் ஊர்ப் பையன்களே கீழே சிரிப்புக் குறி போட்டிருக்கிறார்கள். யார் யார் என்று பார்த்து வைத்திருக்கிறேன்.

ஐயா, காபிப் பழத்தைத் துளைக்கும் இந்த பெர்ரி போரர் குப்பையைப் பார்த்து வருகிற பூச்சி இல்லை. கடுகளவு கறுப்பு வண்டு. பழத்தின் தொப்புளில் ஊசித்துளை போட்டு உள்ளே போய் முட்டையிடும். புழு கொட்டையைத் தின்னும். ஏறக்குறைய 15 டிகிரிக்குக் கீழே அதற்கு வளர்ச்சியே கிடையாது. சூடு கூடினால் ஒரு தலைமுறை முடிய ஒரு மாதம் போதும். மலைக்குளிர்தான் எங்களுக்கு வேலியாக இருந்தது. அது கொஞ்சம் கொஞ்சமாக மேலே நகர்கிறது, பூச்சியும் கூடவே ஏறுகிறது. கிளிமஞ்சாரோ மலைச்சரிவிலும் முன்பு இல்லாத உயரத்துக்கு ஏறியிருக்கிறது. அங்கேயும் சோம்பேறிகள்தான் போலிருக்கிறது.

"பூச்சியைச் சாக்கு மூட்டையில் நீங்கள்தானே கொண்டுவந்தீர்கள்?" என்பார்கள். சரி. ஆப்பிரிக்கப் பூச்சி; இந்தியாவில் 1990-இல் நீலகிரியின் கூடலூர் பக்கம் முதலில் தென்பட்டது. சாக்கு அதை மேலே கொண்டுவந்திருக்கலாம். வந்த இடத்தில் பிழைத்துப் பெருக வைத்தது எது? சாக்கா?

போன பறிப்பு முடிந்து சித்தியும் நானும் மூட்டையோடு வியாபாரியிடம் போனோம். அவர் ஒரு கை அள்ளி மேசையில் பரப்பினார். ஒவ்வொன்றாகத் திருப்பி, துளை விழுந்ததை மட்டும் தனியே ஒதுக்கிக்கொண்டே போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. சித்தி அந்தச் சின்னக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார். விலையைக் குறைத்துச் சொன்னதும், "பொறுக்கித்தானேப்பா கொண்டுவந்தோம்" என்றார். இடுப்பு வலியோடு செடிக்கடியில் உட்கார்ந்து விழுந்த பழத்தையெல்லாம் பொறுக்கியவர் அவர். அவரைத்தான் அந்த மேடை சுத்தமில்லாதவர் என்கிறது.

விழுந்த பழத்தைப் பொறுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொறுக்கத்தான் வேண்டும், அதில்தான் பூச்சி அடுத்த பருவம்வரை தங்குகிறது. ஆனால் மழை ஒழுங்காக ஒரு தடவை பெய்து ஒரே மூச்சில் பூத்தால்தான் பறிப்பும் ஒரே மூச்சில் முடியும். இப்போது கண்ட மாதத்தில் மழை, கண்ட மாதத்தில் பூ. செடியில் எப்போதும் ஏதோ ஒரு பருவத்தில் காய். பூச்சிக்கு வருடம் முழுக்க விருந்து. எத்தனை தடவை பொறுக்குவது? ஆள் எங்கே? கூலி யார் கொடுப்பது? வரும் ஆட்களும் பாதி நாள் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள், அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு வாயில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளைகளே இறங்கிப் போய்விட்டார்கள்.

அப்புறம், "மருந்து அடிக்க வேண்டியதுதானே" என்று வரப்போகிறவர்களுக்கு: பூச்சி பழத்துக்குள்ளே இருக்கிறது. மருந்து தோல்மேல் விழும். கையில் காபி டம்ளரோடு யோசனை சொல்வது சுலபம்.