மே மாதம் வந்தால் மணல்தான் இருக்கும்

வெளியூர்க்காரர்கள் காவிரி டெல்டாவைச் சுற்றிப் பார்த்துப் போட்ட அந்த வீடியோவைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் வாட்ஸ்அப்பில் ஆளாளுக்கு "உங்க ஊரப் பத்திதான்" என்று சிரிக்கிற பொம்மை போட்டு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். "டெல்டால பாக்க ஒண்ணுமே இல்ல மக்களே" என்று முடியுமே, அதுதான். கதைச் சுருக்கம் வேண்டாம், எல்லாரும் பார்த்திருப்பீர்கள்.

எடுத்தது மே மாதம். ஆற்றுப் பாலத்தில் நிற்கும்போது நிழல் காலடியிலேயே கிடக்கிறது, ஆக உச்சி வேளை. ஆறு மணல், கோயில் கதவு சாத்தியிருக்கிறது, ரோட்டில் ஆள் இல்லை. இதைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று தீர்ப்பு. நல்லது.

மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. மூடும் நாள் ஜனவரி 28. மூடியதிலிருந்து மறுபடி திறக்கிற வரை, நாலரை மாதம், காவிரியில் தண்ணீர் வராது. இது ரகசியம் இல்லை, பாசனத்துக்கென்று வைத்திருக்கிற நாள் கணக்கு. டெல்டாவுக்கு வருகிறவர் முதலில் கேட்க வேண்டியது எந்த ஊர் என்று இல்லை, எந்த மாதம் என்று. அதற்கடுத்து எந்த நேரம் என்று. ஊர்ப் பெயரெல்லாம் மூன்றாவது.

அந்த ஜூன் 12-ஐயும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் அணையில் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28 வரை இழுத்தது. மேட்டூரில் திறந்தால் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும். வெள்ளம் வந்தால்தான் கொள்ளிடத்தில் திறப்பார்கள். இருப்பு குறைவாக இருந்தால் முறை வைத்து விடுவார்கள்: சில நாள் காவிரிப் பக்கம், சில நாள் வெண்ணாற்றுப் பக்கம். அதனால் கும்பகோணத்தில் ஆறு நிறைய ஓடுகிற அன்றைக்கே நீடாமங்கலத்தில் வெண்ணாறு காலை நனைக்கிற அளவுக்குத்தான் இருக்கலாம். இது தெரியாமல் வந்து "ரெண்டு ஊரு தள்ளிப் போனா ஆறே காணோம்" என்றால் ஆறு என்ன செய்யும்?

கோயில் நேரமும் அப்படித்தான். பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் திரும்பத் திறக்க நாலு மணி. காலை ஆறிலிருந்து பதினொன்றுக்குள் இரண்டு ஊர், சாயங்காலம் ஒரு ஊர். அவ்வளவுதான் ஒரு நாளைக்கு. ஒரே நாளில் நவக்கிரகம் ஒன்பதையும் சுற்றிவிட்டு டெல்டா பார்த்துவிட்டோம் என்கிறவர்கள் பார்த்தது வேனின் முன்சீட்டைத்தான்.

எங்கள் பெரியவர்கள் எந்த ஊரில் எதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வரியில் சொல்லி வைத்துவிட்டுப் போனார்கள். திருவாரூர் தேர் அழகு, திருவிடைமருதூர் தெரு அழகு, மன்னார்குடி மதில் அழகு, வேதாரண்யம் விளக்கு அழகு. சுற்றுலாக் கையேடு என்று வேறு எதற்குப் பெயர்?

திருவாரூரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி. அது ஓடுகிற நாளில் வந்தால் மூலை திரும்பும் இடமாகப் பார்த்து நிற்க வேண்டும். நேர் வீதியில் வடம் பிடித்து இழுப்பதை எல்லா ஊரிலும் பார்க்கலாம். முனையில் இரும்புத் தகடு போட்டு, கிரீஸ் தடவி, அதன் மேல் சக்கரத்தை ஏற்றி, முட்டுக்கட்டையை மாற்றி மாற்றிக் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஒடித்துத் திருப்புவார்கள். திருச்சி பெல் நிறுவனம் பொருத்திக் கொடுத்த ஹைட்ராலிக் பிரேக் இருந்தும் கட்டை போடுகிறவர் கண்தான் முக்கியம். தேர் ஆயில்யத்தைப் பார்த்துப் பங்குனி வாக்கில் வரும், தேதி வருடத்துக்கு வருடம் மாறும். கோயிலில் கேட்டுக்கொண்டு வாருங்கள். மற்ற நாளில் அது கொட்டகைக்குள் நிற்கும். அப்போதும் கமலாலயக் குளம் இருக்கிறது. கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்பார்கள் (வேலி என்பது பழைய நில அளவு), கரையைச் சுற்றி நடந்தால் அது சும்மா சொன்னதில்லை என்று கால் சொல்லும். கர்நாடக இசை மும்மூர்த்திகள் தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூன்று பேரும் பிறந்த ஊரும் இதுவே. வீடியோவில் இந்த ஊருக்குக் கிடைத்தது ஒரு பரோட்டாக் கடை.

வீடியோக்காரர்கள் சுவாமிமலைக்குப் போனார்கள், படி ஏறினார்கள், இறங்கினார்கள். அறுபது படி. கீழே தெருவில் பட்டறை பட்டறையாக ஐம்பொன் சிலை வார்க்கிறார்கள், அங்கே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் முதலில் உருவம் பிடிப்பார்கள். அளவுக்கு டேப் கிடையாது, தென்னை ஓலையைக் கிழித்து மடித்துத் தாலக் கணக்கு, அதாவது சிலையின் உறுப்பு அளவுக் கணக்கு, வைப்பார்கள். மெழுகின் மேல் முதல் பூச்சு காவிரி வண்டல். மாவு போலச் சலித்த மண், நகக்கண் ரேகை வரை பிடிக்கும். அடுத்த பூச்சு மணல் கலந்தது, பெரிய சிலைக்கு இரும்புக் கம்பி கட்டு வேறு. காய்ந்ததும் வறட்டி மூட்டிச் சூடு காட்டி மெழுகை இறக்கிவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். அச்சில் ஈரம் இருந்தால் ஆவி கிளம்பி உலோகம் தெறிக்கும். மெழுகு மிச்சம் நின்றால் சிலையில் ஓட்டை விழும். அதனால்தான் அவசரப்பட மாட்டார்கள், வார்ப்பும் தினம் நடக்காது. முதல் நாளே போய் "நாளைக்கு வார்ப்பு உண்டா" என்று கேளுங்கள். அமாவாசை அன்று போகாதீர்கள், பல பட்டறைகளில் வேலை இருக்காது. ஊற்றும்போது பக்கத்தில் போய் செல்ஃபி எடுக்காதீர்கள், திட்டுவார்கள், திட்ட வேண்டும்.

"எல்லாம் கோயிலாவே இருக்கே, சாமி கும்பிடாதவன் எங்க போறது" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தரங்கம்பாடி போங்கள் ஐயா. 1620-ல் டேனிஷ்காரர் கட்டிய கோட்டை, 1706-ல் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் வந்து இறங்கிய கரை, 1718-ல் எழும்பிய புதிய எருசலேம் ஆலயம், எல்லாம் நடக்கிற தூரம். இரவு அங்கேயே தங்கி விடியற்காலை கடலோரம், கடல் அரித்த மாசிலாமணிநாதர் கோயில், அப்புறம் ராஜ வீதி, பத்து மணிக்குக் கோட்டை அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகம் விடுமுறை. கடலில் இறங்காதீர்கள், அலைக்குக் கீழே கருங்கல் கிடக்கிறது.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு வனத்துறை அனுமதி வாங்கித்தான் படகு ஏற வேண்டும். ஓதம், அதாவது கடல் நீர், ஏறுகிற நேரம் கேட்டுக்கொள்ளுங்கள், வற்றிய நேரத்தில் ஆழமில்லாமல் படகு சேற்றில் உரசும். குடிதண்ணீர் கையோடு. கோடியக்கரையில் வெளிமான் எப்போதும் உண்டு, வெயில் ஏறுவதற்கு முன்னால் போனால் புல்வெளியில் நிற்கும். பூநாரைக்குக் கார்த்திகை கடைசியிலிருந்து தை வரை. நவம்பரில் புயல் செய்தி பார்க்காமல் கிளம்ப வேண்டாம், 2018 கஜா புயல் கரையேறியது இந்தப் பக்கம்தான்.

"மே மாசந்தானே பிள்ளைங்களுக்கு லீவு?" இதற்கு நான் என்ன செய்ய, அணையை உங்கள் பள்ளிக்கூட நாள்காட்டி பார்த்தா திறக்க முடியும்? காலாண்டு விடுமுறை என்று ஒன்று உண்டு. செப்டம்பர் கடைசியில் ஆறு ஓடும், ஒரு பக்கம் குறுவை நெல் அறுப்பு, மறுபக்கம் சம்பா நெல் நடவு. அரையாண்டு விடுமுறையில் வயல் முழுப் பச்சை. அப்போதே நாச்சியார்கோயில் மார்கழித் திருவிழாவும் கூடினால் கல் கருடன் புறப்பாடு பார்க்கலாம். உள்ளிருந்து நாலு பேர் தூக்கி வருகிற சிலைக்கு வாசல் தாண்டத் தாண்ட எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்து நாலு பேர் தோள் கொடுப்பார்கள். பொங்கலுக்கு வந்தால் பச்சை இருக்காது, பொன் நிறம். அறுப்பு சமயத்தில் நெல் ரோட்டில் காயும், மேலே வண்டியை ஏற்றாதீர்கள்.

லாட்ஜ் சரியில்லை, கழிப்பறை சரியில்லை என்கிறீர்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். கும்பகோணத்திலோ மயிலாடுதுறையிலோ தங்கிக்கொண்டு சுற்றுங்கள். ஆனால் மலைக்குப் போகும்போது நாலு மணி நேரம் கொண்டை ஊசி வளைவில் நின்று ஒரு பஜ்ஜிக்கு எண்பது ரூபாய் கொடுத்துவிட்டு "என்ன ஒரு ஃபீல்" என்று எழுதுகிறவர்கள் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் அரை மணி நின்றதற்கு ஒரு பதிவு போடுவதுதான் எனக்குப் புரியவில்லை.

என்னை உண்மையில் உறுத்தியது இது எதுவும் இல்லை. அதில் ஒரு டீக்கடைப் பெரியவர் வருகிறார். "ஆடிக்கு மேல வாங்க தம்பி, அப்ப தெரியும்" என்கிறார். அதை மெதுவாக ஓடவிட்டு, பின்னால் கோமாளிச் சத்தம் போட்டு, அடுத்த காட்சியில் மணலைக் காட்டியிருக்கிறார்கள். அந்த வீடியோ முழுக்க விஷயம் தெரிந்து பேசிய ஒரே ஆள் அவர்தான். ஆடிப் பதினெட்டுக்குப் படித்துறையில் காதோலை கருகமணி வைத்துக் கும்பிடுகிற பெண்களோடு பிறந்து வளர்ந்தவர், ஆறு எப்போது வரும் என்று அவரிடம் கேட்காமல் யாரிடம் கேட்பார்கள்?

அந்த மணலைப் பார்த்து நீங்கள் சிரிக்கிறீர்கள். வாய்க்கால் கடைசியில், கடைமடையில் இருக்கிறவனுக்கு அது படம் நன்றாக வராத ஆறு இல்லை. நாற்று விடலாமா வேண்டாமா, நகையை அடகு வைக்கலாமா என்கிற கணக்கு. திறந்த தண்ணீர் அவன் வாய்க்காலுக்கு வர இரண்டு வாரம்கூட ஆகும். 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் போட்ட பூமி இது. வீடியோவைச் சிரித்து அனுப்பியவர்களில் பாதிப் பேருக்கு இங்கே நிலம் இருக்கிறது, அல்லது இருந்தது. திருவிடைமருதூர் தெரு அழகு என்றேனே, அந்தத் தெருவில் திண்ணைக்குக் கம்பி அடித்துப் பூட்டிவிட்டுப் போனவர்களும் அதில் உண்டு. வெளியூர்ப் பையன் சொன்னால் தெரியாமல் சொன்னான் என்று விடலாம், இந்த ஊர்க்காரர்களே சிரித்தால் எப்படி விட?

"இவ்வளவு வேண்டாம், ஒரே ஒரு ஊர் சொல்லு" என்று உள்பெட்டியில் கேட்ட நண்பருக்கு: திருவையாறு. ஆவணியில் வாருங்கள், புஷ்ய மண்டபப் படித்துறையில் சாயங்காலம் ஐந்துக்கு. ஜனவரியில் தியாகராஜர் ஆராதனை சமயம் என்றால் பஞ்சரத்ன கீர்த்தனை காலையில் பாடுவார்கள், அறை முன்கூட்டியே போடுங்கள், இல்லையென்றால் தஞ்சாவூரில்தான் படுக்கை. அசோகா அல்வாவைச் சூடாக இலையில் வாங்கி அங்கேயே சாப்பிடுங்கள். பொட்டலம் கட்டி எடுத்துப் போனால் நெய் உறைந்துவிடும், அப்புறம் அதற்கும் ஒரு வீடியோ போடுவீர்கள்.