பலகையில் பெயர் இருந்தால் போதுமா?
கட்டடத்தை வடிவமைக்கும் ஆர்க்கிடெக்டுக்குக் கிடைக்கும் பெயர், அது விழாமல் நிற்கக் கணக்கு போடும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்குக் கிடைப்பதில்லை என்று ஒரு கட்டுரையாளர் வருத்தப்படுகிறார். இவர்களுக்கு விருதும் விழாவும் வேண்டும், கட்டுமான இடத்துப் பலகையில் பெயரும் வேண்டும் என்கிறார். நானும் இந்தத் தொழில்தான், வருத்தம் நியாயம்தான். ஒழுங்காகச் செய்த வேலை கான்கிரீட்டுக்குள் மறைந்துவிடும், தப்பு மட்டும் வெளியே தெரியும். ஆனால் விருதும் விழாவும் வைத்தால் மதிப்பு வந்துவிடும் என்பதை ஏற்க முடியவில்லை.

1981-ல் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் ஒரு ஹோட்டலின் தொங்கு நடைபாதைகள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். மேலும் கீழுமாக இருந்த இரண்டு நடைபாதைகளையும் ஒரே நீளக் கம்பியில் தொங்கவிடுவதாகத்தான் முதலில் திட்டம். மாட்டுவதற்கு எளிது என்று அதை இரண்டு கம்பிகளாக மாற்றினார்கள். கீழ் நடைபாதை மேல் நடைபாதையிலிருந்தே தொங்க, மேல் நடைபாதையைத் தாங்கிய உத்திரத்தின் அடியிலிருந்த நட்டுக்கு இரட்டைச் சுமை. அரைப் பக்கக் கணக்கு போட்டிருந்தால் தெரிந்திருக்கும். (பழைய வடிவமே விதிப்படி போதுமான பலத்தில் இல்லை என்பது தனிக்கதை.) இந்த விபத்துக்குப் பொறுப்பான இன்ஜினியர்கள் உரிமம் இழந்தார்கள்.

கட்டுமான இடத்துப் பலகையில் இன்ஜினியர் பெயரைப் போடச் சொல்கிறார் கட்டுரையாளர். சரி, போடட்டும். அப்புறம், வரைபடம் மாறியபோது மறுகணக்கு போட்டுக் கையெழுத்திட்டவர் யார் என்பதையும் சேர்த்தே போடட்டும்.