ஈராக் போரை போப் ஆசீர்வதித்தாரா?

‘2003 ஈராக் போரை அமெரிக்காவின் பழமைவாதக் கிறிஸ்தவர்கள் ஒருவர் விடாமல் ஆதரித்தார்கள், போப்பும் ஆசீர்வதித்தார்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது தவறு.

அமெரிக்காவின் மிகப் பெரிய புராட்டஸ்டன்ட் சபையான தெற்கு பாப்டிஸ்ட் சபையின் தலைவர்கள் சிலர் ஆதரித்தது உண்மைதான். ஆனால் போப் இரண்டாம் ஜான் பால், 2003 ஜனவரி 13 அன்று வெளிநாட்டுத் தூதர்களிடம் போர் வேண்டாம் என்றே பேசினார். வத்திக்கான் இணையதளத்தில் அந்த உரை அப்படியே இருக்கிறது, படித்துப் பாருங்கள். மார்ச் 5, திருநீற்றுப் புதனன்று, கர்தினால் பியோ லாகியை அப்போதைய அமெரிக்க அதிபர் புஷ்ஷிடமே தூது அனுப்பினார்.

வட கரோலினாவின் குடியரசுக் கட்சி எம்.பி.யாக இருந்த, மறைந்த வால்டர் ஜோன்ஸ், பழமைவாதக் கத்தோலிக்கர். போருக்கு ஆதரவாக வாக்களித்தவர். பிறகு மனம் வருந்தி, இறந்த வீரர்களின் குடும்பங்களுக்கு ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதினார். அலுவலக வாசலில் அந்த வீரர்களின் படங்களை வரிசையாக வைத்தார். இப்படி மனம் மாறிய இவரையும் கடைசிவரை ஆதரித்தவர்கள் கணக்கில் சேர்ப்பது பெரிய அநியாயம்.

அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.