கர்விலீனியர் வந்துட்டுப் போனாருங்களா?

அக்கா: ஏந்தம்பி, காம்பவுண்டு என்ன பாம்பாட்டம் போகுது?

என்ஜினியர்: அது கர்விலீனியருங்க்கா.

அக்கா: சர்வேயருக்குக் குடுத்தாச்சு. என்ஜினியரு, உனக்கும் குடுத்தாச்சு. நடுவுல இவரு யாரு? இவருக்கு எவ்வளவு குடுக்கோணும்?

என்ஜினியர்: ஆளில்லீங்க்கா, வார்த்தைங்க. லத்தீன்ல இருந்து வந்துது.

அக்கா: அது காங்கேயத்துக்கு அக்கட்டாலயா?

என்ஜினியர்: பழைய ரோமுக்காரங்க பாஷைங்க. கர்வஸ்னா வளைஞ்சது, லீனியான்னா கோடு. வளைஞ்ச கோட்டுல ஆனதுன்னு அர்த்தம்.

அக்கா: வளைஞ்சிருக்குதுன்னு நானுந்தான் சொன்னேன். எனக்கு யாரு பீஸு குடுத்தா?

என்ஜினியர்: அந்த லீனியாவுக்கே கதை இருக்குதுங்க்கா. லீனம்னா ஆளிச்செடி. அந்த நாருல திரிச்ச நூலுதான் மொதல்ல லீனியா. நூலை இழுத்துப் புடிச்சாக் கோடுதானுங்களே, பேரு அதுக்கும் ஒட்டிக்கிச்சு. லினன் சட்டைகூட இதுக்கு ஒறம்பரைதான்.

அக்கா: ரோமுக்காரன் நூலு புடிச்சிருக்கறான். திருப்பூரு இங்க கூப்புடு தூரம், உன்ற கொத்தனாருக்கு ஒரு முழம் நூலு கெடைக்கலியா?

என்ஜினியர்: டிசைனுங்க்கா! இங்கிலாந்துல சஃபோக் பக்கம் இப்படி நெளிநெளியாத்தான் கட்டியிருக்கறாங்க. நெளிவே சுவரைத் தாங்கிக்கும். ஒத்தைக்கல் கனம் போதும், முட்டுத்தூணு வேண்டாம். அமெரிக்க ஜனாதிபதியா இருந்த ஜெஃபர்சன்கூட வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்துல கட்டுனாருங்க. செங்கல்லு மிச்சம்.

அக்கா: மிச்சமா?

என்ஜினியர்: ஆமாங்க்கா.

அக்கா: எங்க?

என்ஜினியர்: என்னதுங்க?

அக்கா: மிச்சமான செங்கல்லு. பில்லுல ரெண்டு லோடு சேர்த்தியில்ல இருக்குது?

என்ஜினியர்: அது... கர்விலீனியருக்குங்க...

அக்கா: பாத்தியா, ஆளு இருக்குது!

என்ஜினியர்: பாக்கறதுக்கு அழகா இருக்குதுங்களே...

அக்கா: உன்ற அழகு ஒண்ணரை அடி பங்காளி காட்டுக்குள்ள போயிருக்குது. அவன் கேஸு போட்டா, ஜட்ஜுகிட்ட வந்து லத்தீனு பேசுவியா? எங்கூட்டுக்காரரு காலத்துல கொத்தனாரு கோணலாக் கட்டுனா, "கோணிப் போச்சுங்க"ன்னு தலையச் சொறிவாரு, கூலியக் கொறைச்சுக்குவாரு. நீங்க படிச்சுப்போட்டு வந்து கோணலுக்குப் பேரு வெச்சு, அந்தப் பேருக்கும் பில்லுப் போடறீங்க.

என்ஜினியர்: ...இடிச்சுக் கட்டட்டுங்களா?

அக்கா: கட்டு. பங்காளி பழநி போயிருக்கறான், வர்றதுக்குள்ள முடிச்சுப்போடு. செங்கல்லை நான் எண்ணி வெச்சிருக்கறேன்.