முழங்கை அறுவை சிகிச்சையால் பந்து வேகம் அதிகரிக்காது

‘டாமி ஜான் அறுவை சிகிச்சை செய்தால் பந்து முன்பைவிட வேகமாகப் போகும், நல்ல முழங்கை என்றாலும் பையனுக்குப் பள்ளியிலேயே செய்துவிடுங்கள்’ என்ற பேச்சு அமெரிக்க பேஸ்பால் பெற்றோரிடையே பரவி வருகிறது. இது தவறு.

1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாட்ஜர்ஸ் அணியின் பிட்சர் (பந்து எறிபவர்) டாமி ஜானுக்கு முதன்முதலில் செய்தது, முழங்கை எலும்புகளை இணைக்கும் தசைநார் கிழிந்ததால், அதற்குப் பதிலாக வேறிடத்துத் தசைநாணை (தசையை எலும்போடு இணைப்பது) எடுத்துப் பொருத்தும் சிகிச்சை. எலும்பில் துளையிட்டுக் கோக்கப்படும் அந்த நாண் மூட்டைப் பிடித்து நிறுத்தும், அவ்வளவுதான். பந்தின் வேகம் கால், இடுப்பு, உடல், தோள் வழியாக வருவது.

பிறகு ஏன் சிலருக்கு வேகம் கூடியதாகத் தெரிகிறது? தசைநார் நைந்துகொண்டிருந்தபோது வேகம் ஏற்கெனவே குறைந்திருக்கும். ஒப்பீடு அதோடுதான் நடக்கிறது. தவிர, 12 முதல் 18 மாத ஓய்விலும் பயிற்சியிலும் பையன் வளர்ந்தும் விடுகிறான். பழைய நிலைக்குத் திரும்பாதவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

உண்மையில் முழங்கையைக் கெடுப்பது களைப்போடு எறிவது. அமெரிக்காவின் உயர்மட்ட பேஸ்பால் அமைப்பான மேஜர் லீக் இளம் வீரர்களுக்கு வகுத்த ‘பிட்ச் ஸ்மார்ட்’ வரம்புப்படி 11–12 வயதுக்கு ஒரு நாளில் 85 பந்துகள், 13–16க்கு 95. பதினான்கு வயது வரை, ஒரு நாளில் 66 அல்லது அதற்கு மேல் எறிந்தால் நான்கு நாள் ஓய்வு. ஒரே வார இறுதியில் இரண்டு அணிகளுக்கு எறிந்தால் இரண்டையும் கூட்டித்தான் எண்ண வேண்டும். பயிற்சியாளர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

2012இல் வாஷிங்டன் நேஷனல்ஸ், இந்தச் சிகிச்சை முடிந்து திரும்பிய பிட்சர் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்கை பிளேஆஃபுக்கு (பருவ முடிவில் நடக்கும் நாக்அவுட் சுற்று) முன்பே எறிய விடாமல் நிறுத்தியது. கூடுதல் வலுவுள்ள கை என்றால் அந்த அணி ஏன் அப்படிச் செய்ய வேண்டும்?